கலியாணப் படமும் காலத்தின் சாட்சியமும்

கலியாண வீட்டில் படம் பிடிப்பதற்கு யாரை அழைப்பது என்னும் வினா, ஓர் இலக்கியச் சஞ்சிகையின் பக்கங்களில் வைத்து ஆராயத்தக்க வினாதானா என்று வாசகர் சிலர் கருதக்கூடும். பந்தற்காரரையும் சமையற்காரரையும் பேசி முடிப்பது போல வீட்டார் தமக்குள் பேசி முடிக்கும் காரியம் அது. அதில் வரலாறு எங்கிருந்து வந்து புகுந்தது என்று அவர்கள் கேட்கலாம்.

அவர்களுக்கு நாம் கூறும் விடை ஒன்றுதான். ஆண்டுதோறும் மே மாதம் 18ஆம் நாள் முள்ளிவாய்க்கால் மணலில் விளக்கேற்ற வருவோரின் கைகளை நோக்குங்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு படம் இருக்கிறது. அவற்றுட் சில, தனியே எடுக்கப்பட்ட படங்கள் அல்ல. தோளின் மேல் மாலையின் ஓரம் தெரிகிறது. தலைப்பாகையின் கரை தெரிகிறது. பக்கத்தில் நின்ற ஒருத்தியின் கூறைச் சேலை விளிம்பு, கத்தரிக்குத் தப்பிப் படத்தின் ஓரத்தில் எஞ்சி நிற்கிறது. அவை கலியாணப் படத்திலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட முகங்கள். மகிழ்ச்சியின் நினைவாக எடுக்கப்பட்ட படம் மரணத்தின் சான்றாக, அன்றேல் காணாமற்போனவரின் அடையாளமாக மாறிவிட்ட மண் அது. அத்தகைய மண்ணிலே, படம் பிடிப்பவரைத் தெரிந்தெடுப்பது வெறும் ஆடம்பரத்தின் பாற்பட்டதாக இருத்தல் இயலாது.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதை விளங்கிக்கொள்ள, நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

*

ஒளியைத் தகட்டிலே பதிக்கும் டாகேரின் முறை 1839ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் உலகுக்கு வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே இங்கிலாந்தின் விக்டோரியா அரசிக்குத் திருமணம் நிகழ்ந்தது. உலகின் மாபெரும் பேரரசுக்கு உரியவளாயினும், அவளுடைய மணநாளைக் காட்டும் புகைப்படம் ஒன்றேனும் இல்லை. 1854இல் ரோஜர் பென்டன் என்பவர் அரசியையும் அவளது கணவரையும் அரசவை உடையில் எடுத்த படத்தையே பிற்காலத்தவர் பலர் மணப்படம் என்று மயங்கினர். கலியாணத்தைப் படமெடுக்கும் வழக்கம் வேதகாலத்து வழக்கமன்று. அது முற்றிலும் புதிய காலத்தின் வழக்கம் என்பதை இதனால் அறிகிறோம்.

இலங்கைக்குக் கமரா வந்தபோது அது யாரை நோக்கித் திரும்பியது? ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் புகழ்பெற்ற படக்கலைஞர் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879இல் இங்கேயே காலமானார். அவருடைய குடும்பத்துக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் டெனிசனும் டார்வினும் தத்தம் பெயருடன் விளங்குகின்றனர். களுத்துறையில் அவர் எடுத்த படங்களிலோ தோட்டத் தொழிலாளரின் முகங்கள் இருக்கின்றன, பெயர்கள் இல்லை. அம்முகங்களின் அழகைக் கலை விமரிசகர்கள் இன்றும் வியந்து எழுதுகிறார்கள். ஆயினும் அந்தப் பெண் யாருடைய மகள், எந்த ஊரிலிருந்து கடல் கடந்து வந்தவள் என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை. படமெடுத்தவருக்கு வரலாறு உண்டு. படமெடுக்கப்பட்டவருக்கு வரலாறு இல்லை. நமது நாட்டுப் புகைப்படக் கலையின் தொடக்கம் இந்த ஏற்றத்தாழ்வின் மீதே எழுந்தது.

கொழும்பிலே 1860களில் ஸ்கீன் கம்பெனியும், 1890இல் பிளாற்றே நிறுவனமும் தோன்றின. வெள்ளைத் துரைமாரும் அவர்களைப் பின்பற்றிய உள்ளூர்ச் செல்வரும் அங்கே சென்று படம் எடுத்துக்கொண்டனர். யாழ்ப்பாணத்திலும் ஸ்ரூடியோக்கள் தோன்றியபோது, அவற்றின் வாயிலை முதலில் மிதித்தவர்கள் அப்புக்காத்துமாரும் அரசாங்க உத்தியோகத்தரும் மலாயாப் பென்சன்காரருமே. அக்காலத்தில் கமரா கலியாண வீட்டுக்குச் செல்லவில்லை; கலியாணத் தம்பதிகளே கமராவிடம் சென்றனர். தூணும் திரைச்சீலையும் தீட்டிய பின்னணியின் முன், ஒருவர் நாற்காலியில் அமர, மற்றவர் பக்கத்தில் நிற்க, அசையாது மூச்சடக்கி எடுத்த படம் அது. அது வீட்டு விறாந்தையின் சுவரில் தொங்கியது. அந்தக் குடும்பம் எத்தகைய குடும்பம் என்பதை வருவோருக்கு அறிவிப்பதே அதன் முதற் கடமையாக இருந்தது.

*

வன்னியின் நிலை வேறு. இரணைமடுக் குளத்தை நம்பிக் குடியேறிய விவசாயிகளுக்கும், முல்லைத்தீவுக் கரையின் மீனவருக்கும், 1977ஆம் 1983ஆம் ஆண்டுகளின் இனவன்செயல்களால் மலைநாட்டை விட்டு ஓடிவந்து காடு வெட்டிக் குடியிருந்த தோட்டத் தொழிலாளருக்கும் ஸ்ரூடியோ எட்டாத தொலைவில் இருந்தது. அவர்களுட் பலருக்கு வாழ்வின் முதலாவது படம் கலியாணப் படமன்று. அரசாங்கக் காகிதத்தில் ஒட்டிய படமே முதலாவது படம். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானோர், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின்னர் கடவுச்சீட்டுக்காகக் கமராவின் முன் அமர்ந்தனர். 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1970களில் தேசிய அடையாள அட்டை வந்தது. போர் தொடங்கியபின், சோதனைச் சாவடிகளில் அந்தச் சிறு படம் ஒரு மனிதன் வீடு திரும்புவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் பொருளாயிற்று. கமரனின் படத்தில் பெயரில்லாது நின்ற மக்களின் வழிவந்தோர் இப்போது பெயரோடும் இலக்கத்தோடும் படத்தில் நின்றனர். ஆனால் அதுவும் தமக்காக எடுத்த படமன்று.

தமக்காக அவர்கள் எடுத்துக்கொண்ட படம் கலியாணப் படமே. கையடக்கக் கமராவும் சுருட்படமும் மலிந்த பிறகுதான் அது கைகூடிற்று. ஆயினும் போர் அதனையும் நெருக்கியது. 1990களில் வடக்கே கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களில் எரிபொருளும் மின்கலங்களும் அடங்கியிருந்தன. மின்சாரம் இல்லாத ஊரிலே ஒரு கலியாணத்தை வீடியோ எடுப்பதென்றால் முதலில் மின்பிறப்பாக்கி தேடவேண்டும். பின்னர் அதற்கு எண்ணெய் தேடவேண்டும். 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏ9 வீதி திறந்தபோதுதான் வன்னியின் கலியாண வீடுகளில் வெளிச்சம் வந்தது. புலம்பெயர்ந்த உறவினர் வந்தனர். அல்பம் தடித்தது, இறுவட்டு வந்தது. பொன்னுருக்கல் முதல் நாலாம் சடங்கு வரையில் யாவும் பதிவாயின. அல்பத்தின் ஒரு பிரதி வீட்டில் இருந்தது. மற்றொரு பிரதி கனடாவுக்கோ இலண்டனுக்கோ சென்றது. உறவினருக்கு ஆசையாய் அனுப்பிய அந்த இரண்டாம் பிரதியின் அருமையை அன்று எவரும் அறிந்திலர்.

2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. வீட்டோடு பெட்டியும், பெட்டியோடு படங்களும் போயின. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மீண்டும் மூடப்பட்டது. அதன்பின் வன்னியில் நிகழ்ந்த கலியாணங்கள் பலவற்றுக்குப் படமே இல்லை. விடுதலைப் புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பு வீட்டுக்கு வீடு புகுந்த நாட்கள் அவை. மணமானவர்களை விட்டுவைப்பார்கள் என்னும் நம்பிக்கையில், பள்ளிப் பருவம் தாண்டாத பிள்ளைகளுக்குப் பெற்றோர் அவசரமாய்த் தாலி கட்டுவித்தனர். நாளும் பார்க்கவில்லை, பந்தலும் இடவில்லை, படமும் எடுக்கவில்லை. அந்த நம்பிக்கையும் பல வீடுகளில் பொய்த்தது. உண்மையை மறைத்து எழுதும் வரலாறு வரலாறாகாது. ஆதலின் இதனையும் இங்கே குறிக்கின்றோம்.

*

2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி வீழ்ந்தது. மேற்கிலிருந்து கிழக்கே, ஊர் ஊராக, மக்கள் பெட்டிகளைச் சுமந்து சென்றனர். ஒவ்வோர் இடப்பெயர்விலும் சுமை குறைந்தது. முதலில் தளபாடம், பின்னர் பாத்திரம், பின்னர் உடுப்பு. அல்பத்தைக் கடைசிவரை தூக்கிச் சென்றோர் உளர். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்கால் என்னும் ஒடுங்கிய மணற்றிட்டில், அரசாங்கமே பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த நிலத்தில், எறிகணைகள் வீழ்ந்தன. போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 வரையிலான பொதுமக்கள் மாண்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் கூறிற்று.

எறிகணைக்குத் தப்பிய அல்பத்துக்கு இன்னோர் ஆபத்துக் காத்திருந்தது. வட்டுவாகல் பாலத்தைக் கடந்து இராணுவத்தின் பக்கம் செல்லவேண்டும். கலியாணப் படத்தில் மாப்பிள்ளைக்கு அருகே சீருடை அணிந்த தம்பி நிற்கிறான். வாழ்த்த வந்த தோழி ஒருத்தி போராளி. அந்தப் படம் கையில் இருந்தால் என்ன நேருமோ என்னும் அச்சம் எழுந்தது. சிலர் படங்களைக் கிழித்தனர். சிலர் மணலில் புதைத்தனர். சிலர் நீரில் எறிந்தனர். தன் கலியாணத்தைத் தானே கிழித்தெறிந்துவிட்டு உயிரோடு பாலத்தைக் கடந்த பெண்ணின் துயரம், போரின் கணக்கேடுகள் எவற்றிலும் இடம்பெறாத துயரம்.

பாலத்துக்கு அப்பால், விசாரித்துவிட்டு விடுவோம் என்ற சொல்லை நம்பிக் கணவரையும் பிள்ளைகளையும் மனைவியரும் தாய்மாரும் தம் கையாலேயே ஒப்படைத்தனர். செட்டிகுளத்து முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்து மீண்டு ஊர் வந்தபின், அவர்கள் தேடத் தொடங்கினர். தேடப் போகும் இடமெல்லாம் முதற் கேள்வி, “படம் இருக்கிறதா?” என்பதே. கையில் இல்லாத படம், கடல் கடந்து முன்னொரு நாள் அனுப்பிய அல்பத்திலிருந்து திரும்பி வந்தது. தங்கையின் கலியாணத்தில் பின்வரிசையில் நின்ற அண்ணனின் முகத்தைப் பெருப்பித்து, அதனையே அவனுடைய ஒரே படமாக்கினர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும் தெருவோரப் பந்தல்களில் தொடங்கிய போராட்டங்களில் தாய்மார் ஏந்திய படங்களுக்குப் பின்னே இத்தகைய கதைகள் இருக்கின்றன. விடை காணாமலேயே அவர்களுட் பலர் இறந்துபோயினர். அவர்கள் ஏந்திய படம் அடுத்தவர் கைக்கு மாறியது.

இன்னுமொன்று. 2023ஆம் ஆண்டு முல்லைத்தீவு மாவட்டத்தின் கொக்குத்தொடுவாயில் மனிதப் புதைகுழி வெளிப்பட்டது. இத்தகைய எச்சங்களை இனங்காணும் மருத்துவ அறிஞர், உறவினரிடம் கேட்கும் பொருள்களில் ஒன்று, பல் தெரியச் சிரித்த படம். பல்லின் வரிசையும் இடைவெளியும் மனிதனுக்கு மனிதன் வேறுபடுவதால் அது அடையாளங்காண உதவும். அடையாள அட்டையில் எவரும் சிரிப்பதில்லை. நமது மக்கள் கமராவின் முன் வாய்விட்டுச் சிரித்த இடம் கலியாண வீடுதான்.

*

இவ்வளவையும் கூறியபின், யாரைத் தெரிந்தெடுப்பது என்னும் வினாவுக்கு வருவோம். இன்று வன்னியிலும் படப்பிடிப்பு ஒரு பெருந்தொழிலாகிவிட்டது. கலியாணத்துக்கு முன்னரே கடற்கரையில் ஒரு படப்பிடிப்பு. கலியாணத்தன்று சினிமாப் பாணியில் இன்னொன்று. வானில் ஒரு பறக்கும் கமரா. இளைஞர் பலருக்கு இது தொழில் அளித்திருக்கிறது. அதனை நாம் வரவேற்கிறோம். ஆனால் நுண்கடன் பொறியில் பெண்கள் சிக்கித் தவித்த நிலமும் இதுவே. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசாங்கமே முன்வர நேர்ந்தது. அத்தகைய ஊரிலே, கடன்பட்டு ஒரு நாள் சினிமா நடிகராவது மகிழ்ச்சியன்று. அது சந்தை நமக்கு விற்ற மயக்கம்.

பறக்கும் கமராவைப் பற்றித் தனியே ஒரு சொல். போர்க்காலத்தில் வன்னி வானில் சுற்றிய ஆளில்லா வேவு விமானத்தை மக்கள் ‘வண்டு’ என்று அழைத்தனர். வண்டு இரைந்தால் பின்னாலே எறிகணை வரும் என்பது அவர்கள் அனுபவத்தில் கற்ற பாடம். அந்த இரைச்சலைக் கலியாணப் பந்தலின் மேலே கேட்கும் முதியவர் ஒருவரின் முகத்தைக் கவனியுங்கள். கண் மேலே போகிறது. கை பக்கத்துக் குழந்தையைத் தேடுகிறது. இதனை அறிந்த படக்காரர், வீட்டாரைக் கேளாமல் அதனைப் பறக்கவிடமாட்டார். ஆகவே அவர் என்ன கமரா வைத்திருக்கிறார் என்று வினவுமுன், இந்த மண்ணை அறிவாரா என்று வினவுவதே முறை.

அடுத்தது, அவர் யாரைப் படத்துக்குள் அழைக்கிறார், யாரை வெளியே நிறுத்துகிறார் என்பது. போரினால் கணவரை இழந்த பெண்கள் வடக்கில் 40,000, கிழக்கில் 49,000 என்று 2010இல் அரசாங்கப் பிரதியமைச்சர் ஒருவர் தெரிவித்தார். அவர்கள் அன்று வளர்த்த பெண்பிள்ளைகளுக்கே இன்று கலியாணம் நடக்கிறது. தோட்டத்தில் கூலிக்கு நின்று, தையல் தைத்து, தனியொருத்தியாய் மகளை ஆளாக்கியவள், தாலி கட்டும் வேளையில் மணவறையிலிருந்து ஒதுங்கி நிற்கிறாள். மங்கலம் அவளை விலக்குகிறது. வீட்டார் சொல்லத் தயங்குவதைச் சில வேளைகளில் படக்காரரே சொல்லிவிடுகிறார்: “அம்மா, கொஞ்சம் விலத்தி நில்லுங்கோ.” அந்த ஒரு சொல்லால் அவள் மணவறையினின்று மட்டுமன்றி, வரலாற்றினின்றும் விலக்கப்படுகிறாள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த அல்பத்தைப் புரட்டும் பேத்தி, தாலி கட்டும்போது தன் பூட்டி எங்கே இருந்தாள் என்று கேட்பாள். மாறாக, “அம்மா, மகளுக்குப் பக்கத்தில வாங்கோ” என்று அழைக்கும் படக்காரர், ஆயிரம் மேடைப் பிரசங்கங்கள் செய்யாத சீர்திருத்தத்தைச் செய்தவராகிறார். நாதசுரமும் தவிலும் வாசித்தவர், பந்தல் இட்டவர், அடுப்படியில் வெந்தவர், இவர்களுடைய முகங்களும் அல்பத்தில் இடம்பெறல் வேண்டும். பெயரில்லாத முகங்களை எடுத்த கமரனின் பிழையை நாம் திரும்பச் செய்யலாகாது; முகமே இல்லாமல் ஆக்கும் பெரும்பிழையைச் செய்யவே கூடாது.

மூன்றாவது, படம் எங்கே, எவ்வாறு தங்கும் என்பது. 2002க்குப் பின் வந்த இறுவட்டுகளுட் பல இன்று ஓடுவதில்லை. அவற்றை ஓட்டும் கருவியும் வீடுகளில் அருகிவிட்டது. கைப்பேசியில் மட்டும் உள்ள படம் கைப்பேசியோடு போகும். எனவே அச்சிட்ட படத்துக்கு நிகர் அச்சிட்ட படமே. நல்ல புகைப்படத் தாளில், முகங்கள் தெளிவாகத் தெரியும் குடும்பப் படங்கள் சிலவேனும் அச்சாக வேண்டும். ஒட்டும் பிசினுள்ள பக்கங்கள் படத்தை நாளடைவில் கெடுக்கும். அவற்றைத் தவிர்த்தல் நன்று. ஒவ்வொரு படத்தின் பின்னும் மெல்லிய பென்சிலால், இடமிருந்து வலமாக நிற்பவரின் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். மூன்று வீடுகளில் மூன்று பிரதிகள் இருத்தல் வேண்டும். அவற்றில் ஒன்று கடல் கடந்த வீடாக இருப்பின் மேலும் நன்று. எடுத்த படங்கள் அனைத்தையும் மூல நிலையிலேயே வன்தட்டில் தருவாரா, எத்தனை நாளில் தருவார், முற்பணம் எவ்வளவு, எங்கள் அனுமதியின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவாரா என்பவற்றைக் காகிதத்தில் எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்வது இருபாலார்க்கும் மதிப்பு. அவர் முன்னர் எடுத்த ஒரு கலியாணத்தின் தெரிந்தெடுத்த பத்துப் படங்களை அல்ல, முழு அல்பத்தையும் கேட்டுப் பாருங்கள். பின்வரிசையில் நிற்கும் முகங்கள் தெளிவாக உள்ளனவா என்று நோக்குங்கள். அந்தப் பின்வரிசையின் பெறுமதியை முள்ளிவாய்க்கால் நமக்குக் கற்பித்திருக்கிறது.

இவ்வாறு நாம் கூறுவதை, மகிழ்ச்சியான வீட்டிலே சாவை நினைவூட்டும் அமங்கலப் பேச்சு என்று சிலர் கடியக்கூடும். அல்ல. மறுபடியும் அழிவு வரும் என்று அஞ்சி நாம் இதைக் கூறவில்லை. அடையாள அட்டைக்காகவும் கடவுச்சீட்டுக்காகவும் போராட்டப் பந்தலுக்காகவும் படமெடுக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டம், இனித் தன் மகிழ்ச்சிக்காகப் படமெடுத்துக்கொள்ளும் உரிமை உடையது. அந்த மகிழ்ச்சியில் யாரும் ஒதுங்கி நிற்கலாகாது. அதன் சாட்சியம் எளிதில் அழிந்துபோகவும் கூடாது.

இனியொரு கலியாணத்தில், அல்பத்திலிருந்து எந்த முகத்தையும் கத்தரியால் வெட்டியெடுக்க வேண்டிய தேவை எந்தத் தாய்க்கும் நேராத நாட்டை ஆக்குவது நம் அனைவரதும் பொறுப்பு. அதுவரையில், அந்த முகங்களைத் தெளிவாக எடுத்து, பெயரெழுதிப் பேணித் தருவது படம் பிடிப்பவரின் பொறுப்பு. அத்தகையவரைத் தேடித் தெரிந்தெடுப்பது கலியாண வீட்டாரின் பொறுப்பு.